கொதிகலன் ஆறித்தான் இருந்தது

மரியாதைக்குரிய மூத்த சகோதரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை. நீ நலமா என்று அறியும் ஆவலும் இப்போதைக்கு என்னிடம் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. உனக்குச் சொல்ல வேண்டியது கீழே இருக்கிறது. உட்கார்ந்து படி.

ஏன் தொலைபேசியில் பேசவில்லை என்று கேட்பாய். பேசினால் இரண்டாவது நிமிடமே "சரி விடு" என்பாய். நம் குடும்பத்தில் எந்தப் பேச்சும் "சரி விடு"வைத் தாண்டி உயிரோடு போனதில்லை. கடிதத்தை யாரும் நடுவில் நிறுத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் குடும்பக் குழுவில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். "என்னடி, உடம்பு வெச்சிருக்க? தொப்பை தெரியுது. நொறுக்குத் தீனிய குறை." என்னைவிட ஆறு வயது மூத்தவள் நீ. நான் இப்போது தட்டுத்தடுமாறி நடக்கும் இதே பாதையில் எனக்கு முன்னால் போனவள். பள்ளம் எங்கே, முள் எங்கே, எங்கே வழுக்கும் என்று எல்லாம் தெரிந்தவள். பின்னால் தங்கை ஒருத்தி வருகிறாளே என்று ஒரு குச்சியைக்கூட நட்டுவைக்காமல் போய்விட்டு, அந்தக் கோடியில் நின்றுகொண்டு, விழுந்தவளைப் பார்த்து நொறுக்குத் தீனி என்கிறாய். உனக்கு ஐம்பது ஆனபோது என்ன நடந்தது என்று இப்போதுதான் கூட்டிப் பார்க்கிறேன். எந்நேரமும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டு நிற்பாய். "என்னக்கா தேடுற?" என்றால் "எலுமிச்சம்பழம்" என்பாய். ஒரு வருஷம் முழுக்கத் தேடினாய். அந்த வீட்டில் யாரும் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு குடித்து நான் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் அத்தான் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார். நீ மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு "கொசுவா இருக்கு" என்பாய். உடுப்பு இடுப்பில் ஏறாதபோது தையல்காரர் சரியில்லை என்றாய். அடுத்தவரும் சரியில்லை என்றாய். கடைசியில் துவைக்கும் இயந்திரம் துணியைச் சுருக்குகிறது என்று கண்டுபிடித்து, ஒரு பாவமும் அறியாத அந்த இயந்திரத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாய். அத்தான் இன்றுவரை அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவரோடு சேர்ந்து நானும் திட்டினேன் என்பதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி என் கதை. என் வேலை என்ன என்று உனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. கேட்பவர்களிடம் "ஏதோ ஃபேக்டரி செக்கிங்" என்று சொல்லிவைத்திருக்கிறாய். ஆலைகளில் நீராவி உண்டாக்கும் கொதிகலன்களை ஆண்டுக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, உள்ளே போய்ப் பார்ப்பது என் வேலை. உள்ளே என்றால் உள்ளேதான். கலனின் தலையில் முட்டை வடிவத்தில் ஒரு துளை இருக்கும். நீளம் ஒரு முழம் வராது, அகலம் அதைவிடக் குறைவு. முதலில் கால், பிறகு இடுப்பைக் கோணலாகத் திருப்பி, மூச்சை விட்டு, கைகளை மேலே தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். உள்ளே ஒரு விளக்கும் சின்னச் சுத்தியலுமாகத் தவழ்ந்து, உப்பு எவ்வளவு படிந்திருக்கிறது, பற்றவைத்த இடத்தில் விரிசல் உண்டா, தகடு மெலிந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அடுத்த ஓராண்டு அதன் பக்கத்தில் மனிதர்கள் நின்று வேலை செய்கிறார்கள். இயந்திரப் பொறியியல் படித்த பெண் வேலை கேட்டுப் போனால் மேசையைக் காட்டிய காலத்தில் எனக்கு அந்தத் துளையைக் காட்டினார்கள். "ஒல்லியா இருக்கீங்க, போயிருவீங்க" என்றார் அப்போதிருந்த அதிகாரி. போனேன். அங்கே எனக்குப் பிடித்துவிட்டது. உள்ளே யாரும் "மேடம், நீங்க எதுக்கு சிரமப்படுறீங்க" என்று சொல்ல மாட்டார்கள். நானும் இரும்பும் மட்டும். இரும்பு பொய் சொல்லாது, நலம் விசாரிக்காது, நொறுக்குத் தீனியைக் குறைக்கச் சொல்லாது.

எங்கள் அலுவலகத்தில் இன்னோர் ஆய்வாளர் உண்டு. டார்ச் என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் ஆலைக்குள் நுழைவதற்கு முன் அவருடைய வயிறு நுழையும். துளையின் வாயில் டார்ச்சையும் தலையையும் மட்டும் விட்டு, "பளபளன்னு இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இது எல்லோருக்கும் தெரியும். அவரைப் பார்த்து ஒருவரும் உடம்பு வைத்துவிட்டதாகச் சொன்னதில்லை. "சார் நல்லா செட்டில் ஆயிட்டாரு" என்பார்கள். ஆணுக்கு வயிறு வந்தால் பதவி உயர்வு, பெண்ணுக்கு வந்தால் விசாரணை. விசாரணை என்று நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. பொறு, வருகிறேன்.

எனக்கு மாதவிடாய் நின்று ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தொல்லை ஒழிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் இடுப்பு வார் ஒவ்வொரு துளையாகப் பின்வாங்கத் தொடங்கியது. சாப்பாடு அதேதான். நடை அதேதான். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: எடையும் அதேதான். தொடை மெலிந்தது, பின்பக்கம் காற்றிறங்கிய சக்கரம்போல ஆனது, வயிறு மட்டும் முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது. எடை மாறாமல் உருவம் மாறுகிறது என்றால் உள்ளே ஏதோ இடம் பெயர்கிறது என்றுதானே பொருள்? இவரிடம் சொன்னேன். இவர் உடனே ஓர் எடைக் கருவி வாங்கிவந்தார். அது எடையோடு நிற்காமல் கொழுப்பு எத்தனை விழுக்காடு, உடம்பின் உண்மையான வயது என்ன என்றெல்லாம் காட்டுமாம். நான் ஏறினேன். அறுபத்து மூன்று என்றது. இவர் ஏறினார். முப்பத்தெட்டு என்றது. "பரவால்லையே, மெஷின் நல்லா வேலை செய்யுதே" என்றார். இருபது வருஷமாக மாடிப்படி ஏறாத மனிதர் இவர்.

மருத்துவரிடம் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர். நான் சொல்லி முடிப்பதற்குள் "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா" என்றார்.

"எது சகஜம், டாக்டர்?"

"எல்லாமே."

"ஏன் வயித்துல மட்டும் சேருது?"

"வயசும்மா."

"வயசு ஒரு எண். அது எப்படிக் காரணமாகும்?"

பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க டீச்சரா?" என்றார். கூடவே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி, மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளவும் சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியவளுக்கு மனது எப்படிச் சந்தோஷமாக இருக்கும் என்று கேட்டேன். அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் அந்த அட்டைப்பெட்டி ஆலைக்கு ஆய்வுக்குப் போனேன். அங்கே கொதிகலனை ஓட்டும் ஆபரேட்டரை எனக்கு வெகுகாலமாகத் தெரியும். கலனுக்குள் தன் கையை விட்டு, தகட்டில் உள்ளங்கையை அழுத்திப் பார்க்காமல் எவரையும் இறங்கவிட மாட்டார். அன்றைக்கும் பார்த்துவிட்டு, "ஐஸ் மாதிரி இருக்கு மேடம், சளி புடிச்சிரப்போகுது, சீக்கிரம் வாங்க" என்றார். இறங்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரசியது. உடம்பின் பாரமே இழுத்துக்கொண்டு போனதால் நான் பெரிதாக நினைக்கவில்லை. உள்ளே வேலையை முடித்தேன். விரிசல் இல்லை, தகடு நன்றாக இருந்தது. வெளியே வரக் கைகளையும் தலையையும் நீட்டி எம்பினேன். தோள் வந்தது. மார்பு வந்தது. வயிறு வரவில்லை.

இடுப்பெலும்பு என்றால் எப்படித் திருப்பினால் வரும் என்று எனக்குத் தெரியும், அது ஒரு கணக்கு. வயிற்றுக்குக் கணக்கு கிடையாது. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் பிதுங்கியது. பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே, மேசைமேல் வைத்த மார்பளவுச் சிலைபோல நான். அந்த நேரம் பார்த்து, அதுவரை நான் அறியாத ஒரு சூடு வந்தது. நெஞ்சில் பிடித்துக் கழுத்து, காது, உச்சந்தலை என்று உள்ளிருந்து யாரோ அடுப்பு மூட்டியதுபோல. முகமெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகி, வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிறது. கலன் ஐஸ் மாதிரிதான் இருந்தது அக்கா. கொதித்தது நான்.

கீழே நின்றவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

"மேடம் முகத்தப் பாருய்யா! செவந்துபோச்சு!"

"பாய்லர் ஆறலடா! மேடம் உள்ள வேகுறாங்க!"

"தண்ணிய ஊத்து, தண்ணிய ஊத்து!"

"எதுமேல ஊத்துறது, மேடம் மேலயா, பாய்லர் மேலயா?"

இரண்டின் மேலும் ஊற்றினார்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் வந்தது. இரண்டு பேர் என் அக்குளுக்குள் கையை விட்டுத் தூக்க, ஒருவர் கீழேயிருந்து கட்டளை போட்டார்.

"மூச்ச விடுங்க மேடம்!"

"விட்டுட்டேன்."

"இன்னும் விடுங்க!"

"இன்னும் விட்டா செத்துருவேன்யா!"

கடைசியில் போத்தல் மூடி கழன்றதுபோல ஒரு சத்தத்தோடு வெளியே வந்தேன். இருபத்து மூன்று வருஷமாகக் கட்டிக்காத்த கௌரவம் உள்ளேயே தங்கிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நானே "சரி விடு" என்றிருப்பேன். ஆனால் எங்கள் உதவி மேலாளர் இருக்கிறாரே, எதற்கெடுத்தாலும் அம்புக்குறி போட்டுப் படம் வரைகிறவர், அவர் மறுநாளே அறிக்கை எழுதிவிட்டார். கொதிகலனைச் சரியாக ஆறவைக்காமல் ஆபரேட்டர் ஆய்வாளரை இறக்கிவிட்டார்; எஞ்சியிருந்த சூட்டில் தகடு விரிந்து துளையின் விட்டம் சுருங்கிவிட்டது; அதனால் ஆய்வாளர் சிக்கிக்கொண்டார். படமும் உண்டு. நான் அதில் ஓர் உருளை. சுற்றிலும் என்னைப் பார்த்துச் சிவப்பு அம்புகள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது, அது எந்த ஹார்மோனாலும் ஏறியதல்ல. தகடு சூடானால் நடுவிலிருக்கும் துளை சுருங்காது, அதுவும் சேர்ந்து விரியும். இறுகிப்போன மூடியைச் சுடுதண்ணீரில் காட்டித் திறக்கும் எவருக்கும் இது தெரியும். பொறியியல் பட்டம் வாங்கிய ஒரு மனிதர், ஒரு பெண்ணின் வயிறு பெருத்திருக்கலாம் என்று எழுதக் கூச்சப்பட்டு, இயற்பியலையே தலைகீழாக மாற்றிவிட்டார். துணி சுருங்கியதற்கு இயந்திரத்தைப் பழிசொன்ன உனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். போய்க் கேட்டேன்.

"உங்க நல்லதுக்குத்தான் மேடம் அப்படி எழுதினேன். லேடீஸ் விஷயம். உடம்பு பெருத்துப்போச்சுன்னு ரெக்கார்டுல போட்டா நல்லாவா இருக்கும்?"

"அந்த ஆபரேட்டர் கதி?"

"வேலைய விட்டு எடுத்துருவாங்க. வேற எங்கயாவது போவான். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, உங்க ஃபீல்டு வேலைக்கு ஒரு கொறையும் வராது."

கணக்கு புரிகிறதா அக்கா? நான் கையெழுத்துப் போட்டால் என் வேலை எனக்கு, அவர் வேலை போகும். போடாவிட்டால் என்ன நடந்தது என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆண்கள் நிறைந்த அறையில். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்கவே யோசிக்கிற நான். அன்று சாயங்காலம் ஆபரேட்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆலையில் ஏற்கெனவே அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மேடம், நான் கைய வெச்சுப் பாத்துட்டுத்தான உங்கள விட்டேன்? சில்லுன்னுதான இருந்துச்சு? என் கைக்கே மரத்துப்போச்சா என்னன்னு, வீட்டுல பாத்திரம் பாத்திரமா தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன் மேடம்" என்றார். தன் கையையே சந்தேகப்படும்படி ஒரு மனிதரை ஆக்கிவிட்டோம், எதற்காக? என் மானத்துக்காகவாம்.

விசாரணைக்குப் போகும்முன் எனக்கே விஷயம் சரியாகத் தெரிய வேண்டும் என்று இன்னொரு மருத்துவரைத் தேடிப் போனேன். பெரிய மருத்துவமனையில் ஒரு பெண்மணி. சிரிக்கவில்லை, "அம்மா" போடவில்லை. உடனே நம்பிக்கை வந்தது.

"கொழுப்பு எங்க போய் உக்காரணும்னு இத்தனை நாளும் ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் ஒரு ஒழுங்குல வெச்சிருந்துச்சு. இடுப்பு, தொடை, அங்கதான் சேரும். இப்ப அது கொறைஞ்சுபோச்சு. அதனால வயித்துக்குள்ள, குடல், கல்லீரல சுத்திப் போய்ச் சேருது. இன்னொரு பக்கம் தசை கொறையுது. ஒண்ணு கூடி ஒண்ணு கொறைஞ்சா மெஷின்ல எண் எப்படி மாறும்? எடைய விடுங்க, இடுப்பு அளவ கவனிங்க. வயித்துக்குள்ள சேர்ற கொழுப்புதான் பின்னால சர்க்கரை, இதயம்னு தொந்தரவு குடுக்கும்."

"அப்போ நான் நிறைய சாப்பிட்டு வந்ததில்ல இது?"

"சாப்பாட்டுலயும் கவனம் வேணும். ஆனா நீங்க ஏதோ தப்பு பண்ணி வந்த தண்டனை இல்ல."

"அந்தச் சூடு?"

"உடம்புச் சூட்டப் பாத்துக்கற எடம் மூளையில இருக்கு. அதுக்கு இப்ப பதட்டம். தீக்குச்சி உரசினா ஊரே எரியுதுன்னு மணியடிக்குது."

வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி அளவு தவறிவிட்டது. இதைச் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டேனா நான்? சூட்டுக்கு மருந்து இருக்கிறது, எல்லோருக்கும் ஒத்துவராது, சோதித்துப் பார்த்துத்தான் தர முடியும் என்றார். அது இளைக்கிற மாத்திரை இல்லை, அப்படிச் சொல்லி யாராவது எதையாவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள் என்றார். தசையைக் காப்பாற்றக் கனமாக எதையாவது தூக்கச் சொன்னார். நான் கிளம்பும்போது, "இன்னொண்ணு. ஓவரி, அதான் சூலகம், ஓய்வெடுத்தப்புறம் மிச்சமிருக்கிற ஈஸ்ட்ரோஜன கொஞ்சம் கொஞ்சமா தயாரிக்கிறதே இந்தக் கொழுப்புதான்" என்றார். குனிந்து வயிற்றைப் பார்த்தேன். துரோகி என்று நான் கறுவிக்கொண்டிருந்தது, கடை மூடிய பிறகும் தெருவோரத்தில் பெட்டி வைத்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் முழுசாகக் கோபப்படவும் வழியில்லாமல் போனது. அந்தக் கோபத்தையும் உன் பேரில் சேர்த்துவிட்டேன்.

கனம் தூக்கலாம் என்று உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால், அங்கிருந்த பயிற்சியாளர் ரோஜா நிறத்தில் பொம்மை மாதிரி ஒரு குட்டி எடையைக் கையில் கொடுத்து "ஸ்லோவா ஆன்ட்டி, ஸ்லோவா" என்றார். நான் நீராவிக் குழாய்த் திருகுகளைத் திருகிப் பிழைக்கிறவள். அவருக்குப் பின்னால் கிடந்த இரும்புத் தண்டை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். மூன்று நாள் தலை வாரக் கை எழவில்லை. அது வேறு விஷயம்.

விசாரணை நாள் வந்தது. நீளமான மேசை, பிஸ்கட் தட்டு, நடுவில் எங்கள் பெரியவர், தலைமை அதிகாரி. உதவி மேலாளர் படத்தைச் சுவரில் காட்டி அம்புகளை விளக்கினார். டார்ச் தலையாட்டினார். ஆபரேட்டரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். நான் எழுந்தேன்.

"கொதிகலன் ஆறித்தான் இருந்தது. சூடு என்னோடது. எனக்கு மாதவிடாய் நின்னுபோச்சு. அதனால திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கும், வேர்க்கும். துளை சுருங்கல. என் வயிறு பெருத்திருக்கு. அதுக்கும் காரணம் அதேதான். ஆபரேட்டர் மேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா, அந்த அறையை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவர் பிஸ்கட்டை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். ஒருவர் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று ஆராய்ந்தார். குறிப்பு எழுதுகிறவர் மெல்ல, "சார், மெனோபாஸ்னு போடவா, தனிப்பட்ட காரணம்னு போடவா?" என்றார்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "மேடம், இதெல்லாம் இங்க எதுக்கு..."

"வேற எங்க சார் சொல்லணும்? அந்த மனுஷன் வேலை இங்கதான போகுது?"

டார்ச் சமாதானத்துக்கு வந்தார். "வயசாகுதுல்ல மேடம், நமக்கெல்லாம் எதுக்கு ரிஸ்க்? என்னைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன். நீங்க கடைசியா பாய்லருக்குள்ள எப்ப போனீங்க?"

"உள்ள போறதுன்னா... நான் பார்வையால போயிருவேன் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வயிற்றுக்கு விசாரணை, அவர் வயிற்றுக்குச் சிரிப்பு. "இன்னொரு தடவ உங்க முன்னாடியே இறங்கி ஏறிக் காட்டறேன். முடியலைன்னா நானே விலகிக்கறேன். ஆனா கையெழுத்துப் போடற எல்லாரும் இறங்கணும்" என்றேன். "வேணாம் மேடம், பாக்க நல்லாருக்காது" என்றார் பெரியவர். பார்ப்பதற்கு நன்றாக இருக்கவா நான் இருபத்து மூன்று வருஷம் கரியிலும் துருவிலும் தவழ்ந்தேன்?

ஆபரேட்டருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு உத்தரவு கிடைத்தது. "ஆய்வாளரின் உடல்நலன் கருதி" திங்கட்கிழமை முதல் அலுவலகத்தில் கோப்புப் பார்க்கும் மேசை. என் ஆலைகள் எல்லாம் டார்ச்சுக்கு. அதாவது, தன் கையை வைத்துப் பார்க்காமல் என்னை இறங்கவிடாத அந்த மனிதர், இனி வருஷம் முழுக்க, பார்வையால் மட்டுமே உள்ளே போய்வந்த ஒருவருடைய கையெழுத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பலன் இது. அந்த மேசையில் நான் உட்காரப் போவதில்லை. ராஜினாமா எழுதிவிட்டேன். இரண்டே வரி, அதில் "தனிப்பட்ட காரணம்" என்ற சொல் இல்லை.

நீ முன்பே சொல்லியிருந்தால் துளை பெரிதாகியிருக்காது, தெரியும். ஆனால் அது வரும் என்று தெரிந்திருந்தால், அன்று பாதி வெளியே நின்றபோது, "பயப்படாதீங்க, இது என் சூடு, பாய்லர் சூடு இல்ல" என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். நானே என்ன நடக்கிறது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தை இல்லாததால் ஒரு குடும்பம் பத்து நாள் தூங்கவில்லை. அந்த வார்த்தை ஆறு வருஷமாக உன்னிடம் இருந்தது. குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாய்.

ஆகவே இனி எனக்குத் தொலைபேசியில் பேச வேண்டாம். படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டாம். மூத்தவளிடம் ஆசி கேட்டு முடிப்பதுதான் மரபு. ஆசி வேண்டாம், தகவலாக அனுப்பியிருக்கலாம். அத்தானின் முழங்கால் வலி குறையட்டும், பிள்ளைகள் நல்ல பெயர் எடுக்கட்டும், உன் வீட்டில் எல்லா மின்விசிறிகளும் நீடூழி சுழலட்டும்.

இப்படிக்கு,
உன் பின்னாலேயே வந்து விழுந்த
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தொலைபேசி அடித்தது. தெரியாத எண். "பாய்லர் மேடமா?" என்றது ஒரு பெண் குரல். எங்கள் பெரியவரின் மனைவி. "நேத்து சாப்பிடும்போது உங்க கதைய ஜோக்குன்னு சொன்னாரும்மா. சிரிச்சு சிரிச்சு அவருக்குப் புரையேறிப்போச்சு. எனக்குச் சிரிப்பு வரல. எனக்கும் இதேதாம்மா, ரெண்டு வருஷமா. நெஞ்சு வியாதின்னு நெனச்சு, எந்த நகை எந்தப் பொண்ணுக்குன்னு பிரிச்சுகூட வெச்சுட்டேன். இவர்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல." மருத்துவரின் பெயரைச் சொன்னேன், நெஞ்சையும் ஒருமுறை சோதித்துவிடச் சொன்னேன். பிறகு "இருங்க, அவர் பேசணுமாம்" என்று கொடுத்தார். "மேடம், அந்த ஆர்டர்ல ஒரு சின்னத் திருத்தம்..." என்று ஆரம்பித்தார் பெரியவர். பின்னாலிருந்து "சின்னதா?" என்று கேட்டது. "பெரிய திருத்தம்" என்றார். வியாழக்கிழமை அந்த அட்டைப்பெட்டி ஆலையில் நானும் டார்ச்சும் இறங்கிக் காட்ட வேண்டும். ஏறி வருகிறவருக்குத்தான் இனிக் கையெழுத்துப் போடும் உரிமை. என்னால் முடியுமா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன்.

மனைவி மறுபடியும் வாங்கிப் பேசினார். "இவ்வளவு தைரியமா எப்படிம்மா சொன்னீங்க? உங்களுக்கு யாராவது முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க அக்கா" என்று வந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் நீதான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாய் என்று சொன்னேன். "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்றார். உன்னிடம் பேச வேண்டும் என்கிறார். உன் எண்ணைக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை கூப்பிடுவார், கூடவே அவருடைய இரண்டு சிநேகிதிகளும் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். ஆகையால் அதற்குள் நீ என்னைக் கூப்பிட்டு, எனக்கு ஏற்கெனவே சொன்னதையெல்லாம் ஒருமுறை சொல்லிவிடு.